கனடாவில் மனிதவளத் துறை: கடன் வாங்கும் முன் ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், இறுதியாண்டு மாணவர்களை முன்வைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவன் ஹெச்.ஆர். பற்றி என்ன பேசப் போகிறான் என்று பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்குது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். தொழிற்சாலையில் ஆட்களின் வேலையை அளந்து, பிரித்து, நிர்வகிக்கலாம் என்று புத்தகம் போட்டவர் ஃபிரடெரிக் டெய்லர். 1911இல் வந்த புத்தகம். அவர் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். அளக்கப்படுகிற மனிதனுக்கும் வாய் உண்டு என்று நம் மண்ணில் எழுந்து நின்றவர்கள் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள். 1918இல் பி.பி. வாடியாவும் நம் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போடப்பட்ட நாற்காலிதான் மனிதவள அதிகாரியின் நாற்காலி. அதில் இன்ஜினியர் உட்காருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

என் கதை சுருக்கமானது. 2012இல் இங்கிருந்து வெளியே போனேன். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடத்துக்கு மேல் ஷிப்ட் இன்ஜினியர். மெஷினைவிட ஆட்களோடுதான் அதிக நேரம் போச்சு. லீவு தகராறு, ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை, கேன்டீன் சண்டை, எல்லாம் என் மேஜைக்கு வரும். இதையே முறையாகப் படிக்கலாமே என்று 2018இல் கனடா போய், ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனிதவள முதுகலை படித்தேன். இப்போது டொரன்டோவுக்குப் பக்கத்தில் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் பணியாளர் உறவுப் பிரிவில் இருக்கிறேன். அவ்வளவுதான் அறிமுகம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஏன் இந்தத் துறை வெளிநாட்டு மாணவனுக்குக் கஷ்டம்?

ஒரு பேரிங்கின் கணக்கு சென்னையிலும் ஒன்றுதான், டொரன்டோவிலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படியே. மனிதவள வேலை அப்படி இல்லை. அது அந்த ஊர்ச் சட்டத்திலும், அந்த ஊர்ப் பேச்சிலும், அந்த ஊர்க்காரர் நம்மேல் வைக்கும் நம்பிக்கையிலும் நிற்கிற வேலை. அதனால் இங்கிருந்து கொண்டுபோகும் சரக்கில் பாதி அங்கே செல்லாது.

ஒரு உதாரணம். நம் நாட்டில் ஆட்குறைப்பு என்றால் முன்பு 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம். பெரிய தொழிற்சாலையை மூடுவதானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் 100 தொழிலாளர் என்றிருந்த வரம்பு புதிய சட்டத்தில் 300 ஆகிவிட்டது. ஒன்டாரியோவில் அனுமதி என்ற பேச்சே கிடையாது. முன்னறிவிப்பும் பணமும்தான். வேலைத் தரநிலைச் சட்டப்படி தனி ஒருவரை நீக்கினால், சர்வீசைப் பொறுத்து அதிகபட்சம் எட்டு வார நோட்டீஸ். ஐந்து வருடமோ அதற்கு மேலோ சர்வீஸ் இருந்து, கம்பெனியின் சம்பளப் பட்டியல் வருடத்துக்கு 25 லட்சம் டாலரைத் தொட்டால், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் வீதம் 26 வாரம் வரை விலகல் தொகை.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. நீதிமன்ற வழக்குகளிலிருந்து வந்த பொதுச் சட்டம் தனியாக நிற்குது. 1960இல் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்கு எதிராக ஒரு ஊழியர் போட்ட வழக்கில் வந்த தீர்ப்பை இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். வயது என்ன, எத்தனை வருட சர்வீஸ், எப்படிப்பட்ட வேலை, அதே மாதிரி வேலை வெளியே கிடைக்குமா என்று பார்த்துத்தான் நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வாரக்கணக்கு மாதக்கணக்காக மாறிவிடும். இது தெரியாதவனை அங்கே யாரும் ஹெச்.ஆர். என்று மதிக்க மாட்டார்கள்.

தொழிற்சங்கமும் அப்படித்தான். 1945இல் வின்ட்சர் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் ஒரு தீர்வு சொன்னார். சங்கத்தில் சேராதவரும் அதன் ஒப்பந்தத்தால் பயன் பெறுவதால் எல்லோர் சம்பளத்திலும் சந்தா பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் ஒரே ஆலையில் நாலு கொடி பறப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு பிரிவுக்கு ஒரே சங்கம்தான் பேசும், அதன் ஒப்பந்தம்தான் வேதம் என்பது புரியவே ஒரு செமஸ்டர் ஆச்சு.

பர்மிட் கணக்கு

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் போன காலத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் ஹெச்.ஆர். முதுநிலைச் சான்றிதழ் படித்தாலும் படிப்புக்குப் பிந்தைய வொர்க் பர்மிட் கிடைத்தது. இப்போது அப்படி இல்லை. 2024 நவம்பர் 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் புது விதி. பட்டப்படிப்பு அல்லாத டிப்ளமோவோ சான்றிதழோ படித்தால், அந்தப் பாடப்பிரிவு அரசாங்கத்தின் பட்டியலில் இருந்தால்தான் வொர்க் பர்மிட். சுகாதாரம், விவசாயம், கட்டுமானத் தொழில்கள், அறிவியல் தொழில்நுட்பம் எல்லாம் பட்டியலில் உண்டு. மனிதவள நிர்வாகம் இல்லை. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு இந்தப் பாடப்பிரிவுக் கட்டுப்பாடு கிடையாது. முதுகலைப் பட்டம் என்றால் இரண்டு வருடத்துக்குக் குறைவான படிப்பாக இருந்தாலும், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், மூன்று வருட பர்மிட் பெறலாம். இது 2024 பிப்ரவரியில் வந்த மாற்றம்.

ஆக, "ஹெச்.ஆர். படிக்கப் போகிறேன்" என்று இரண்டு பேர் விமானம் ஏறலாம். ஒருவர் கையில் முதுகலைப் பட்ட அட்மிஷன், இன்னொருவர் கையில் ஒரு வருடச் சான்றிதழ் அட்மிஷன். முதலாமவர் மூன்று வருடம் வேலை பார்க்கலாம். இரண்டாமவர் படித்து முடித்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

2025இல் நம் கல்லூரித் தம்பி ஒருவர் எனக்குப் போன் செய்தார். ஒரு வருட ஹெச்.ஆர். சான்றிதழுக்கு அட்மிஷன் கடிதம் வந்துவிட்டது, அப்பா ஊரில் இருக்கிற வீட்டை வங்கியில் வைக்கப் போகிறார் என்றார். வொர்க் பர்மிட் பற்றிக் கேட்டால், "ஏஜென்ட் கிடைக்கும்னு சொன்னார் அண்ணா" என்றார். இருவருமாக உட்கார்ந்து அரசாங்கத்தின் பட்டியலை வரிவரியாகப் பார்த்தோம். அந்தப் பாடம் இல்லை. வீடு தப்பிச்சுது. அவர் இப்போது ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே வேறு வழி தேடுகிறார். ஏஜென்ட் சொல்வதை வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பிறகும் அரசாங்கத்தின் விதியோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கும் மாறிவிட்டது. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு வருடம் தங்கிச் சாப்பிடப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகை, கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், பல காலம் 10,000 டாலராக இருந்தது. 2024இல் 20,635 ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் தனி நபருக்கு 22,895 டாலர். நம் பணத்தில் பதினாலு பதினைந்து லட்சம். பகுதிநேர வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பவர்களுக்கு: வகுப்பு நடக்கும் காலத்தில் வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்.

பதவியின் பெயரும் அதன் எண்ணும்

பர்மிட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது வாழ்நாளில் ஒரே முறைதான். அந்தக் காலத்துக்குள் நிரந்தரக் குடியுரிமைக்கு வழி தேட வேண்டும். பெரும்பாலோர் போகும் வழிக்கு, கனடாவில் ஒரு வருடத் திறன்சார் வேலை அனுபவம் வேண்டும். அதாவது 1,560 மணி நேரம். படிக்கும்போது பார்த்த வேலை இதில் சேராது.

இங்கேதான் மனிதவளத்துறைக்கே உரிய ஒரு கண்ணி இருக்கு. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் அரசாங்கம் ஐந்து இலக்க எண் கொடுத்திருக்கிறது. மனிதவள மேலாளர் 10011, மனிதவள நிபுணர் 11200, ஆள்சேர்ப்பு அலுவலர் 12101. இவை எல்லாம் கணக்கில் சேரும். சம்பளப் பட்டியல் நிர்வாகி 13102, அதுவும் சேரும். ஆனால் பெர்சனல் கிளார்க் 14102, சேராது. அந்த எண்ணின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 0 முதல் 3 வரை இருந்தால் சரி. 4, 5 என்றால் எத்தனை வருடம் உழைத்தாலும் இந்த வழியில் மணி நேரம் ஏறாது.

"ஹெச்.ஆர். அசிஸ்டென்ட்" என்று விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள். நாள் முழுக்க ஃபைல் அடுக்குவதும் படிவம் நிரப்புவதும்தான் வேலை என்றால் அது கிளார்க் கணக்கில்தான் போகும். பதவிப் பெயரை யாரும் பார்ப்பதில்லை, செய்கிற வேலையைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வேலையில் சேரும்போதே பொறுப்புகள் என்னென்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆள்சேர்ப்பிலோ சம்பளப் பட்டியலிலோ நுழைவது புதியவர்களுக்கு நல்ல வாசல். சம்பளப் பட்டியலில் தப்பு வந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். சரியாகச் செய்கிறவனை அங்கே எல்லோரும் சீக்கிரம் நம்புவார்கள்.

பட்டயமும் பயோடேட்டாவும்

ஒன்டாரியோவில் மனிதவளம் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அதற்கென்று 2013ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கு. மாகாண மனிதவள நிபுணர் சங்கம் சி.ஹெச்.ஆர்.பி., சி.ஹெச்.ஆர்.எல்., சி.ஹெச்.ஆர்.இ. என்று மூன்று படிகளில் பட்டயம் தருகிறது. டாக்டருக்கு உரிமம் இருப்பது போல இது கட்டாயமில்லை. இல்லாமலும் வேலை பார்க்கலாம். ஆனால் வெளியூர்க்காரனுக்கு இது ஒரு அடையாளச் சீட்டு. ஆள்சேர்ப்பு, பயிற்சி, ஊதியம், பாதுகாப்பு, தொழிலுறவு என்று பாடங்கள் உண்டு. வேலைச் சட்டத்துக்குத் தனிப் பரீட்சையும் உண்டு. முதுகலை படிக்கும்போதே இந்தப் பாடங்களை எடுத்துக்கொண்டால் பின்னால் இரட்டைச் செலவு மிச்சம்.

அடுத்து பயோடேட்டா. நாம் எழுதும் பயோடேட்டாவில் தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா, ஒரு போட்டோ, எல்லாம் இருக்கும். அத்தனையையும் எடுத்துவிடுங்கள். அங்கே மனித உரிமைச் சட்டப்படி வயது, மதம், பிறந்த நாடு, திருமண நிலை இவற்றை வைத்து ஆள் எடுக்கக் கூடாது. அதையெல்லாம் நீங்களே எழுதிக் கொடுத்தால், ஹெச்.ஆர். வேலைக்கு வருகிறவருக்கே சட்டம் தெரியவில்லையே என்றுதான் நினைப்பார்கள்.

"கனடா அனுபவம் இருக்கா?" என்ற கேள்வி வந்தவர்களின் தொண்டையில் பல காலம் முள்ளாக நின்றது. அது பாகுபாடாகலாம் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொன்னது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சம்பள வரம்பையும் போட வேண்டும். அதற்காக முள் முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுதக் கூடாதென்றால் மனதில் வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் சட்டம் நம் பக்கம் நிற்பது சின்ன விஷயமில்லை.

ஒரு வழக்கு

இங்கே இருக்கும் மெக்கானிக்கல் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று. மான்ட்ரியலில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிக்கும் நிலையில் இருந்த ஒரு வெளிநாட்டு மாணவர், 2014இல் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். "கனடாவில் நிரந்தரமாக வேலை செய்யத் தகுதி உண்டா?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. அவருக்குக் கிடைக்கவிருந்தது மூன்று வருட பர்மிட். ஆனாலும் ஆம் என்றார். தேர்வில் முன்னே வந்தார், வேலையும் கொடுத்தார்கள். ஆதாரம் கேட்டபோது காட்ட முடியவில்லை. பொய் சொன்னாய் என்று வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

2018இல் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயம், அந்தக் கேள்வியே குடியுரிமை அடிப்படையிலான பாகுபாடு என்றது. இழப்பீடு ஒரு லட்சம் டாலருக்கு மேல். 2021இல் நீதிமன்றத்தில் தீர்ப்பு மாறியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கத் தீர்ப்பைத் திரும்ப நிலைநாட்டியது.

பொய் சொல்லலாம் என்று இதைப் படிக்காதீர்கள். ஒன்பது வருடம் கோர்ட் வாசலில் நிற்க எத்தனை பேரால் முடியும்? நான் பார்ப்பது வேறு. அந்தப் படிவத்தில் "நிரந்தரமாக" என்ற ஒரு வார்த்தையை யாரோ ஒருவர் சேர்த்திருக்கிறார். "சட்டப்படி வேலை செய்யத் தகுதி உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தால் வழக்கே இல்லை. ஒரு ஹெச்.ஆர். எழுதும் ஒரு வார்த்தையில் ஒருவர் வாழ்க்கை நிற்குது.

நாற்காலியின் கனம்

என் வேலையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். நிறுவனப் பெயர் வேண்டாம். ஒரு உற்பத்தி வரிசையை மூடினார்கள். 57 வயது ஆபரேட்டர் ஒருவர், 22 வருட சர்வீஸ், சங்கம் இல்லாத ஆலை. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு 8 வாரம், 22 வாரம், மொத்தம் 30 வாரச் சம்பளம். அந்தக் கடிதத்தைக் கொடுத்து ஒரு வாரத்துக்குள் கையெழுத்து வாங்கிவிடு என்று எனக்கு உத்தரவு. கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் கேட்கும் உரிமை போய்விடும். அந்த வயதில், அந்த சர்வீசில், பொதுச் சட்டப்படி அவருக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் வரலாம் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

என் நிலைமையைப் பாருங்கள். நிரந்தரக் குடியுரிமைக்கு வேண்டிய பன்னிரண்டு மாதத்தில் ஒன்பதாவது மாதம் எனக்கு. மேலாளருக்குப் பிடிக்காமல் போனால் மூன்று மாதத்துக்கு எங்கே போவேன்? ஊரில் அப்பா கட்டிக்கொண்டிருந்த கல்விக்கடன் வேறு.

இரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தர்மம் நியாயம் என்று ஒரு வரி எழுதவில்லை. வழக்கு வந்தால் கம்பெனிக்கு என்ன செலவு, வக்கீலைப் பார்க்க அவகாசம் கொடுக்காமல் வாங்கிய கையெழுத்து கோர்ட்டில் நிற்குமா என்று, இன்ஜினியர் அட்டவணை போடுவது போலப் போட்டேன். மூன்று வார அவகாசம், வக்கீல் கட்டணத்தில் ஒரு பகுதி கம்பெனி தருவது, தொகையை உயர்த்துவது என்று மூன்று யோசனை. "நீ யார் பக்கம்?" என்று மேலாளர் கேட்டார். "கோர்ட்டில் தோற்காத பக்கம்" என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு அவகாசம் கொடுத்தார்கள், தொகையும் உயர்ந்தது. நான் கேட்ட அளவுக்கு இல்லை. ஆனால் அந்த மனிதர் விவரம் தெரிந்து கையெழுத்துப் போட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டில் இந்தத் துறையில் முதல் சில வருடம் உங்கள் பர்மிட்டும் இன்னொருவர் பிழைப்பும் ஒரே மேஜையில் வந்து உட்காரும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது உரக்கப் பேசுவது அல்ல. சட்டத்தைக் கரைத்துக் குடித்திருப்பதும், எழுத்தில் வைப்பதும்தான்.

மாணவர் கேட்டவை

அமர்வு முடிவில் இறுதியாண்டுத் தங்கை ஒருவர், "அண்ணா, இங்கேயே ஹெச்.ஆர். படிச்சிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டார். தாராளமாக. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., நம் எழும்பூரில் சமூகப்பணிக் கல்லூரி என்று நல்ல இடங்கள் இருக்கு. இங்கே படித்து, சென்னையில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் நாலைந்து வருடம் பார்த்து, அதே நிறுவனத்தின் வழியாக வெளிநாடு போவது கடனில்லாத வழி. மெதுவான வழி, ஆனால் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

இன்னொரு தம்பி, "இன்ஜினியரிங் படிப்பு வீணாப் போகாதா?" என்றார். போகாது. சம்பள மென்பொருள், வருகைப் பதிவு, பாதுகாப்பு ஆய்வு, ஷிப்ட் அமைப்பு எல்லாவற்றிலும் கணக்கு தெரிந்தவனுக்கு மதிப்பு. ஆலைத் தளத்தில் எண்ணெய்க் கறையோடு நின்றவன் பேசினால் ஆபரேட்டர் காது கொடுப்பார். அதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது.

மூன்றாவது கேள்வி மொழி பற்றியது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழிலேயே கடை கண்ணிக்குப் போய் வரலாம். ஈழத்தமிழ் உறவுகள் 1983க்குப் பிறகு அங்கே வந்து கட்டி எழுப்பிய வாழ்வு அது. எனக்கு முதல் வாடகை வீடு காட்டியதும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒருவரின் துக்கத்தைக் கேட்கவும், கசப்பான சேதியை நிதானமாகச் சொல்லவும் பழக வேண்டும். முடிந்தால் பிரெஞ்சும் தொடங்குங்கள். குடியேற்றத் தேர்வில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 2023 முதல் தனிப் பிரிவே வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. போகிறவர் கணக்குப் பார்த்துப் போக வேண்டும் என்றுதான் இவ்வளவும். எந்தப் படிப்பு, எந்த பர்மிட், எந்த வேலை எண், எவ்வளவு கடன், இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நான் இன்று சொன்னதையும் விண்ணப்பிக்கும் அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்தில் என் முகவரி இருக்கு. எழுதுங்கள், பதில் போடுவேன்.